புகையூட்டும் பெட்டியும் வெப்பநிலைக் கட்டுப்பாடும்

மீனையும் இறைச்சியையும் புகையில் வாட்டிப் பாதுகாக்கும் முறை மிகப் பழமையானது. மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படும் மாசிக் கருவாட்டை நம்மில் பலர் அறிவோம். அமெரிக்காவில் இது வீட்டுக் கொல்லைப்புறப் பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. அங்குப் பலரிடம் மின்சாரத்தால் இயங்கும் புகையூட்டும் பெட்டி உண்டு. பார்வைக்கு அது ஒரு சிறிய இரும்பு அலமாரி. அடியில் மின் வெப்பச் சுருள், அதன்மேல் மரத்துண்டுகள் இடும் தட்டு, அதற்கும் மேலே உணவு வைக்கும் கம்பித் தட்டுகள். இறைச்சி பல மணி நேரம் ஏறத்தாழ 107° செ. வெப்பக் காற்றிலும் புகையிலும் மெல்ல வேகும்.

இத்தகைய பெட்டியை வாங்கியவர்களுள் பலர், சில காலம் சென்றதும் அதன் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துகின்றனர். ஏன்? இக்கேள்விக்கு விடை காண முயன்றால், பொறியியலின் மிக முக்கியமான கருத்துகளுள் ஒன்றை நாம் அறிந்துகொள்ளலாம்.

ஈருலோகத் தகடு

எளிய பெட்டிகளில் இருப்பது, இஸ்திரிப் பெட்டியில் உள்ளது போன்ற வெப்பநிலைப்படுத்தியே. பித்தளையையும் இரும்பையும் ஒட்டிச் செய்த தகடு அதன் உயிர்நிலை. ஒரு மீட்டர் நீளப் பித்தளை ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்கு 0.019 மி.மீ. நீள்கிறது, இரும்பு 0.012 மி.மீ. மட்டுமே நீள்கிறது. ஆகவே சூடேறும்போது தகடு இரும்பின் பக்கமாக வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. ‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயரில் 1830ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ யூர் காப்புரிமை பெற்ற கருவியும் இத்தத்துவத்தில் அமைந்ததே.

இதில் என்ன குறை? இதற்கு ‘முழுவதும் உண்டு’ அல்லது ‘முற்றிலும் இல்லை’ என்ற இரண்டு நிலைகளே தெரியும். மேலும், மின்சாரம் நின்றவுடன் வெப்பம் நின்றுவிடுவதில்லை. செந்தணலாகச் சிவந்த சுருள் தன்னிடம் உள்ள வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதேபோல், மின்சாரம் வந்தவுடன் காற்று சூடாவதுமில்லை. முதலில் சுருள் சூடாக வேண்டும். தகடும் காற்றின் வெப்பநிலையைச் சற்றுத் தாமதமாகவே உணர்கிறது. இத்தாமதங்களின் கூட்டு விளைவாக, 107° என்று குறித்து வைத்த பெட்டியில் வெப்பநிலை 95°க்கும் 120°க்கும் இடையே ஊஞ்சலாடக்கூடும்.

ஆட்டத்தால் என்ன கேடு?

சுவை கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். 4° முதல் 60° செ. வரையுள்ள இடைவெளி உணவில் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற ஆபத்தான பகுதியாகும். உணவு அப்பகுதியை விரைவாகக் கடந்தாக வேண்டும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பெரிய ஏரிகள் பகுதியிலிருந்து வந்த புகையூட்டிய மீனை உண்டவர்களுள் சிலர் பொட்டுலிசம் என்னும் நச்சு நோயால் இறந்தனர். நன்கு சூடேறாத மீனில் இந்நோய்க் கிருமியின் விதைகள் உயிர் பிழைக்கும். காற்றுப் புகாத உறையில் அடைபட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும். வெப்பத்தில் புகையூட்டும் மீனின் நடுப்பகுதி 63° செ. வெப்பநிலையில் குறைந்தது 30 நிமிடம் இருக்கவேண்டும் என்பது இன்றைய அமெரிக்க வழிகாட்டு நெறி. ஆகவே வெப்பநிலையைச் சரியாக அறிவதும் ஆள்வதும் உயிரோடு தொடர்புள்ள செயல்கள்.

மாலுமி கற்பித்த பாடம்

1922ஆம் ஆண்டில் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலறிஞர், கப்பலைத் தானாகத் திசை திருப்பும் முறை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தேர்ந்த மாலுமி எவ்வாறு சுக்கானைத் திருப்புகிறான் என்பதை அவர் ஆராய்ந்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியுள்ளது என்பதை மட்டும் அவன் பார்ப்பதில்லை. அவ்விலகல் எவ்வளவு நேரமாக நீடித்து வருகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பவற்றையும் கருதுகிறான். நிகழ்காலம், கடந்தகாலம், வருங்காலம் மூன்றையும் எண்ணிச் செயல்படுகிறான் எனலாம். நேர்விகிதம், தொகையீடு, வகையீடு என்ற இம்மூன்று உறுப்புகளும் சேர்ந்ததே ‘பி.ஐ.டி.’ கட்டுப்பாடு. முன்பு ஆலைகளில் மட்டுமே இருந்த இக்கருவி, நுண்செயலியின் வரவால் இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

800 வாட் சுருள் உள்ள பெட்டி ஒன்றைக் கருதுவோம். வெளிக்காற்று 27° செ. உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டில் ஒவ்வொரு பாகைக்கும் 4 வாட் வீதம் வெப்பம் வெளியேறுவதாகக் கொள்வோம். 107° நிலையாக நிற்க வேண்டுமானால், வேறுபாடு 80°; தேவைப்படும் திறன் 80 × 4 = 320 வாட்.

முதலில் நேர்விகித உறுப்பு மட்டும் இருக்கட்டும். குறையும் ஒவ்வொரு பாகைக்கும் 20 வாட் கொடுக்குமாறு அமைத்துள்ளோம். பெட்டி 107°ஐ அடைந்துவிட்டால் குறை சுழியாகும். எனவே திறனும் சுழியாகும். பெட்டி ஆறத் தொடங்கும்! ஆகவே வெப்பநிலை 107°இல் நிற்க இயலாது. குறை 13.3° ஆகும்போது சுருள் தருவது 266 வாட். அப்போது பெட்டி 93.7°இல் உள்ளது; அது இழப்பதும் ஏறத்தாழ அதே அளவு. அங்கேயே நின்றுவிடுகிறது. பாகைக்கு 20 வாட் என்பதை மிகவும் உயர்த்தினால் குறை சிறிதாகும். ஆனால் பழைய ஊஞ்சலாட்டம் திரும்பிவிடும்.

இங்குதான் தொகையீட்டு உறுப்பு கைகொடுக்கிறது. குறை இருக்கும் வரை அது கணக்கில் கூட்டிக்கொண்டே போகிறது, திறனும் உயர்கிறது. குறை சுழியான பின்னரும் சேர்த்துவைத்த தொகை அழிவதில்லை. அத்தொகையே தேவையான 320 வாட்டைத் தந்துகொண்டிருக்கும். வகையீட்டு உறுப்போ, வெப்பநிலை விரைந்து ஏறுவதைக் கண்டு, இலக்கை எட்டும் முன்பே திறனைக் குறைக்கிறது. ஓடிவரும் வண்டியை நிறுத்த முன்கூட்டியே பிரேக் பிடிப்பது போல.

மூன்று உறுப்புகளுக்கும் எவ்வளவு வலிமை கொடுப்பது? 1942ஆம் ஆண்டில் சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர் ஓர் எளிய வழி கூறினர். நேர்விகிதத்தை மட்டும் வைத்து, வெப்பநிலை சீராக ஊசலாடும் வரை அதன் பெருக்கத்தை உயர்த்த வேண்டும். அப்பெருக்கத்தில் 0.6 பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசல் நேரத்தில் பாதி தொகையீட்டு நேரம். எட்டில் ஒரு பங்கு வகையீட்டு நேரம். ஊசல் நேரம் 8 நிமிடமானால் முறையே 4 நிமிடம், 1 நிமிடம். பிறகு பெட்டியின் போக்கைப் பார்த்துச் சற்று மாற்றிக்கொள்ளலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

800 வாட் சுருளிலிருந்து 320 வாட் பெறுவது எப்படி? பத்து விநாடிக்கு நான்கு விநாடி மின்சாரம் கொடுத்தால் போதும். சுருளின் வெப்பத் தேக்கம் அதைச் சராசரியாக்கிவிடும். இவ்வாறு அடிக்கடி இணைத்துத் துண்டிப்பதால், அசையும் பகுதியற்ற குறைகடத்தி ரிலே பயன்படுகிறது. அது சூடாகும், எனவே வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகட்டின்மேல் பொருத்த வேண்டும். பழுதானால் பெரும்பாலும் அது இணைந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதை மறக்கலாகாது. ஆதலால், பெட்டியுடன் வந்த மிகைவெப்பத் துண்டிப்பானை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. புவி இணைப்பும் கட்டாயம். மின்னிணைப்பு வேலை தேர்ந்தவர் செய்ய வேண்டியது.

உணரியாகப் பயன்படும் பிளாட்டினக் கம்பியின் மின்தடை 0° செ.இல் 100 ஓம், 100° செ.இல் 138.5 ஓம். அதாவது பாகைக்கு 0.385 ஓம் மட்டுமே. இணைப்புக் கம்பியின் தடை ஓர் ஓம் கூடினாலே 2.6° பிழை நேரும்! இதைச் சரிக்கட்டவே மூன்றாவது கம்பி ஒன்று சேர்க்கப்படுகிறது. உணரியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் இட்டுச் சோதிக்க வேண்டும். ஆனால் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் நீர் ஏறத்தாழ 95°இலேயே கொதித்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

வேறொரு வியப்பும் உண்டு. புதிய கருவி பொருத்தியதும் புகை குறைந்துவிட்டதாகப் பலர் முறையிடுவர். காரணம் எளிது. பழைய முறையில் சுருள் நெடுநேரம் முழுத் திறனில் சிவந்து மரத்துண்டுகளைக் கனலச் செய்தது. இப்போது அது மிதமாகவே சூடாவதால் மரம் கருகுவதில்லை. எனவே புகைக்கெனத் தனியே ஒரு தட்டைக் கனலவிடுகின்றனர்.

பெட்டி நிலைத்தது, இறைச்சி?

பெட்டி 107°இல் அசையாமல் நின்றாலும், பெரிய இறைச்சித் துண்டின் உள்வெப்பநிலை 65°–75° அளவில் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடுவதுண்டு. கட்டுப்பாட்டுக் கருவி பழுதோ என்று ஐயுற வேண்டியதில்லை. மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல்தான் இங்கும் நிகழ்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வேண்டும். மணிக்கு 100 கிராம் ஆவியானால் 64 வாட் வெப்பம் அதற்கே செலவாகிவிடும். மேற்பரப்பு உலர்ந்த பின்னரே வெப்பநிலை மீண்டும் ஏறும். கருவி ஆள்வது காற்றைத்தான்; உணவின் நிலையை அறிய அதன் நடுவில் தனி வெப்பமானி செருகியே ஆக வேண்டும்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே காணலாம். ஒரே மாதிரியான இரு வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் மின்விசிறியின்முன் வையுங்கள். அரை நிமிடத்திற்கு ஒருமுறை அளவுகளைக் குறித்து வரைபடம் வரையுங்கள். ஈரக்குமிழ் எவ்வளவு இறங்கி எங்கே நிற்கிறது என்றும், அந்நிலையை அடைய எவ்வளவு நேரம் கொள்கிறது என்றும் பாருங்கள். ஆவியாதலின் குளிர்ச்சியும் உணரியின் தாமதமும் அவ்வொரு கோட்டிலேயே புலப்படும்.