நமக்குப் பின் நம் கணக்கு யாருக்கு?



குழுச் சேமிப்பும் கடனும் பேரேட்டில் இருக்கின்றன. உறுப்பினர் யாராவது தவறிப்போனாலும் கணக்கு தொலையாது. ஆனால் வீட்டுக் கணக்கு? பனியன் கம்பெனிச் சம்பளம், பி.எப்., கூகுள் பே எல்லாம் ஒரே செல்போனுக்குள். அதைத் திறக்கும் நம்பர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"வீட்டுக்காரரோட பின் நம்பர் எனக்குத் தெரியுமுங்க, அது போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. இறந்தவரின் பின் நம்பரைப் போட்டுப் பணம் எடுப்பது முறையல்ல. நாளை மற்ற வாரிசுகள் கேட்டால் வம்புதான். இறப்புச் சான்றிதழோடு நாமினி கேட்டு வாங்குவதே நேர்வழி. நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர்தான். வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும்.

என்ன செய்யலாம்?

பேங்க்: பாஸ்புக்கில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை போடலாம்.

பி.எப்.: யு.ஏ.என். நம்பரை வைத்து இணையத்திலேயே நாமினி பதியலாம். ஆதாரும் போட்டோவும் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த பெயர், கல்யாணமானதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே இறந்தால், பி.எப். பணம் போக, இன்சூரன்சாக 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு உண்டு.

இன்சூரன்ஸ்: பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு வருஷம் 436 ரூபாய் பேங்க் கணக்கில் தானாகவே கழிகிறது. இறந்தால் 2 லட்சம் ரூபாய். சேர்ந்திருப்பதே வீட்டில் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பார்கள்?

கூகுள்: குழந்தைகளின் போட்டோக்கள் இதில்தான் இருக்கும். 2 வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். கணக்கு அமைப்பில் 'செயலற்ற கணக்கு' என்ற பகுதியில், 3 முதல் 18 மாதம் வரை நாம் குறிக்கும் காலம் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குத் தகவல் போகணும் என்று 10 பேர் வரை சொல்லி வைக்கலாம்.

ஏற்கெனவே இறந்தவருக்கு எந்த பேங்கில் பணம் என்று தெரியவில்லையா? 10 வருஷம் யாரும் கேட்காத கணக்குகளைத் தேட, ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய 'உத்கம்' இணையதளம் இருக்கிறது.

ஒரு நோட்டில் பேங்க் பெயர், யு.ஏ.என்., பாலிசி, நாமினி பெயர் மட்டும் எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்கள். பின் நம்பரை எழுத வேண்டாம்.

இதைப் பேசினால் அபசகுனம் என்று நினைக்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக்கோடு வாருங்கள். நாமினி இல்லாதவர்களுக்கு அன்றைக்கே படிவம் நிரப்புவோம்.