மரபுவழி வான்கோழிகள்

பறவை வளர்க்கப் புகுவோர் முதலில் ஆராய வேண்டுவது அதன் பருமனை அன்று. அதன் மரபையே ஆகும். இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வான்கோழிகள் நமக்கு நன்கு விளக்குகின்றன.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அதனைப் பழக்கி வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது குடியேறிய மக்களோடு அமெரிக்காவிற்குத் திரும்பி, அங்குள்ள காட்டு வான்கோழியோடு கலந்து, பல இனங்களாகப் பெருகியது.

அந்நாட்டில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை நன்றிநாள் ஆகும். அன்றைய விருந்திற்கெனப் பெரும்பண்ணைகள் வளர்ப்பது அகன்ற மார்புடைய வெள்ளை வான்கோழி. அது விரைவில் கொழுக்கும். ஆயின், தன் உடற்சுமையால் இயல்பாக இணையும் ஆற்றலை இழந்துவிட்டது. மனிதர் துணையின்றி அதற்குச் சந்ததி இல்லை.

மரபுவழி இனங்களோ தாமே இணைந்து இனம் பெருக்கும். திறந்த வெளியில் திரிந்து பல்லாண்டு வாழும். ஏறத்தாழ 28 வாரங்களில் மெல்ல வளர்ந்து நிறைவெய்தும். ஊதியம் விரைந்து வேண்டிய பண்ணையார்கள் இவற்றைக் கைவிட்டனர். 1997இல் கணக்கெடுத்தபோது, இனப்பெருக்கத்திற்குரிய மரபுவழிப் பறவைகள் அந்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1,335 மட்டுமே இருந்தன. அதன்பின் ஆர்வலர் பலர் முயன்றதால் அத்தொகை உயர்ந்தது.

இவ்வினங்களுள் உருவிற் சிறியன மூன்று. முதலாவது பெல்ட்ஸ்வில் சிறுவெள்ளை. சிறு குடும்பத்திற்கும் சிறு அடுப்பிற்கும் ஏற்ற பறவை வேண்டி, மேரிலாந்து மாநிலத்து அரசினர் ஆராய்ச்சி நிலையத்தார் 1934 முதல் முயன்று இதனை உருவாக்கினர். பெரும்புகழ் பெற்ற இவ்வினம், பெரிய வெள்ளைப் பறவையை இளமையிலேயே விற்கும் வழக்கம் பரவியதும், 1970களில் அருகி மறைந்தொழியும் நிலையை எய்தியது. இரண்டாவது, மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960களில் தோன்றிய குறுவெள்ளை. இதன் பெட்டை ஏறத்தாழ 4 கிலோ எடையே உடையது. மூன்றாவது, ஃபுளோரிடாவில் 1920களில் தோன்றிய ராயல் பாம். வெண்சிறகில் கருங்கரை தீட்டினாற்போன்ற அழகுடையது. ஓயாது திரிந்து இரை தேடுவது. குறுவெள்ளை அமைதியான இயல்புடையது. ஆதலின் புதிதாக வளர்ப்போர்க்கு அதுவே மிகவும் பொருந்தும்.

இனத்தைத் துணிந்தபின் நல்ல குஞ்சுகளைத் தேட வேண்டும். மரபினங்களைக் காக்கும் பொருட்டு அந்நாட்டில் 1977இல் தோன்றிய கழகம் ஒன்று, அவற்றை வளர்ப்போரின் பட்டியலை வெளியிடுகின்றது. குஞ்சு பொரிப்பகங்கள் ஒருநாட் குஞ்சுகளை அஞ்சல் வழியாகவும் அனுப்புகின்றன. பொரித்த குஞ்சு, தன் வயிற்றுள் எஞ்சிய மஞ்சட் கருவினால் இரண்டு மூன்று நாள் உணவின்றி வாழும். ஆதலின் இஃது இயல்கின்றது.

எனினும், இயலுமாயின் வளர்ப்பவர் இடத்திற்கே சென்று வாங்குதல் நன்று. வெள்ளை இனக் குஞ்சுகள் யாவும் இளமையில் ஒன்றுபோலவே தோன்றும். குஞ்சைக் கண்டு மயங்காது தாய் தந்தையரைக் காண வேண்டும். அவற்றின் எடை யாது, அவை இயல்பாக இணைந்தனவா, எத்தனை ஆண்டு வாழ்ந்தன, நோய்ச் சோதனை நடந்ததா என வினவ வேண்டும். விடை கூறத் தயங்குபவரிடம் வாங்காமையே அறிவுடைமை.

வான்கோழியை நாட்டுக்கோழியோடு ஒருங்கே வளர்த்தல் ஆகாது. கோழியின் குடற்புழு முட்டைகள் வழியாகக் கருந்தலை நோய் பரவும். கோழிகள் பெரும்பாலும் அதனைத் தாங்கும், வான்கோழிகளோ மடியும். அப்புழு முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் அழியாதிருத்தலின், கோழி மேய்ந்த நிலத்தையும் விலக்குதல் வேண்டும். இளங்குஞ்சுகட்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அவற்றின் அலகை நீரில் தோய்த்து, பருகவும் பழக்க வேண்டும்.

பயன்படுத்துவோர் இல்லாத இனம் பாதுகாப்பாரும் இன்றி அழியும். ஒரு சேவலும் சில பெட்டைகளும் வைத்து, மரபு வழுவாது குஞ்சு பொரிக்கச் செய்பவர், தம் இல்லத்திற்கு உணவு தேடுவதோடு அமைவதில்லை. பல தலைமுறையினர் பேணித் தந்த செல்வத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கின்றனர்.