பதின்மூன்றாவது படம்

நிரலும் நிறமும் – 9

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறும் பாதையில் ரிவர்ஸ்டன் வந்ததும் வாகனங்கள் ஓரங்கட்டும். கதவைத் திறக்கவே காற்று விடாது. மேலே தொலைத்தொடர்புக் கோபுரம், அதைச் சுற்றி மூடுபனி. இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, அதன் விளிம்பில் ‘குட்டி உலக முடிவு’ என்று பெயர் வாங்கிய செங்குத்துப் பள்ளம். வருகிறவர்கள் எல்லோரும் இவற்றைக் கைபேசியில் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ரிவர்ஸ்டன் படம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் அவசியமில்லை.

அந்த மலையை எண்களாகவும் இலவசமாகப் பெறலாம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து, பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீற்றருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் ரிவர்ஸ்டன் அடங்கிய நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுவதும் அந்தத் தரவில் கிடக்கிறது. அதை இறக்கிக்கொண்டு, ‘சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கோடு ஓடட்டும்’ என்று சில பத்து வரிகளில் நிரல் எழுதினால் போதும். ஒரே மலை ஆயிரம் விதமாகத் திரையில் விரியும். எழுதுவதற்கான புரொசெசிங், பி5 போன்ற கருவிகளும் இலவசம்.

தரவு பொதுச் சொத்து, கருவிக்கு விலையில்லை, படம் ஒரு நொடியில் பிறக்கிறது. அப்படியானால் வாங்குகிறவர் எதற்குப் பணம் தருகிறார்? கடந்த வாரங்களில் இப்படங்களைச் செய்வது எப்படி என்று பார்த்தோம். இந்த வாரம் விற்பது பற்றி.

என் பதில் சுருக்கமானது. இயந்திரத்துக்கு நிறுத்தத் தெரியாது. ஆயிரத்தில் எது நிற்கும், எத்தனையோடு நிறுத்துவது என்ற இரண்டு முடிவுகளையும் மனிதர்தான் எடுக்கிறார். வாங்குகிறவர் விலை கொடுப்பது அந்த முடிவுகளுக்கும், அவற்றிலிருந்து பின்வாங்க மாட்டோம் என்ற வாக்குக்கும்தான்.

யார் வரைந்தது?

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, “இதைக் கணினிதானே வரைந்தது?” என்றுதான். அறுபது ஆண்டுப் பழைய கேள்வி இது. 1965 பெப்ரவரியில் ஜேர்மனியின் ஸ்டுட்காட்டில் ஜியோர்க் நீஸ் தன் கணினி வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயோர்க்கின் ஹவார்ட் வைஸ் கலைக்கூடத்தில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மைக்கேல் நோலும் பேலா யூலெஸும் காட்சி வைத்தார்கள்.

நோல் தன் ‘காஸியன் குவாட்ரற்றிக்’ படத்துக்குப் பதிப்புரிமை கேட்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விண்ணப்பித்தார். இயந்திரம் செய்தது என்று மறுத்தார்கள். நிரலை எழுதியது மனிதன், ஒழுங்கையும் தற்செயலையும் கலந்தது அவன்தான் என்று விளக்கினார். தற்செயலுக்கு உரிமை தர முடியாது என்று மீண்டும் மறுத்தார்கள். அந்த எண்கள் பார்வைக்குத்தான் தற்செயல்போலத் தோன்றும், அவற்றைப் பிறப்பிக்கும் சூத்திரம் முழுக்க முழுக்கக் கணிதம் என்று நோல் மூன்றாவது முறை விளக்கிய பிறகே பதிவு கிடைத்தது.

இந்த வாதம் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. புள்ளி வைத்து, கம்பி இழுத்து, எங்கே வளைத்து எங்கே சேர்ப்பது என்ற விதியோடு போடுவதுதான் கோலம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலத்தின் விதிகளைக் கணினி இலக்கணமாகவே எழுதிக்காட்டியது. விதியை வகுப்பதும் கலைதான் என்பதை நம் வாசல்கள் நெடுங்காலமாக அறியும்.

யார் ஆசிரியர் என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணினியால் பிறந்த படைப்புக்கு அதைப் பிறப்பிக்கக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பைச் செய்த இயற்கையான ஆளையே ஆசிரியர் என்கிறது. உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். பதிவு தேவையில்லை, படைத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவுத்தாளைக் காட்ட வழியில்லை, செய்ததற்கான சான்றைத்தான் காட்ட வேண்டும். எனவே நிரலின் ஒவ்வொரு வடிவத்தையும், கழித்த படங்களையும், திருத்திய குறிப்புகளையும் திகதியோடு சேமித்து வையுங்கள்.

ஏ.ஐ. செயலியிடம் ஒரு வாக்கியம் சொல்லிப் படம் வாங்குகிறவருக்கு இந்தச் சான்று இன்னும் முக்கியம். 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் அலன் மிட்ஜேர்னி என்ற ஏ.ஐ. செயலி கொண்டு செய்த படம் பரிசு வென்றது. அறுநூறுக்கு மேற்பட்ட தடவை கட்டளையை மாற்றி மாற்றி எழுதினேன் என்று அவர் சொல்லியும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் பதிவை மறுத்தது. கட்டளை மட்டும் போதாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் அது எழுதியது. உங்கள் கை எங்கே பட்டது என்று காட்ட முடியாவிட்டால், அதே படத்தைத் துணிப்பையில் அச்சிட்டு விற்கிறவரை நீங்கள் தடுக்க முடியாமல் போகலாம்.

எத்தனை படம்?

ரிவர்ஸ்டனுக்கே வருவோம். கடதாசியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திசை கொடுத்து, கோடுகளை அந்தத் திசைகளில் ஓடவிடும் முறையைச் சென்ற வாரம் செய்து பார்த்தோம். திசையை மலைச்சரிவிலிருந்து எடுத்தால் நீர் வழியும் தோற்றம் வரும். கணவாய்க் காற்றைக் கற்பனை செய்து கொடுத்தால் புல் சாயும் தோற்றம் வரும். தொடக்கத்தில் கொடுக்கும் விதை எண்ணை மாற்றினால் படம் மாறும், அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே படம் திரும்ப வரும்.

டைலர் ஹொப்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் ‘ஃபிடென்ஸா’வும் இந்த முறையில் பிறந்ததுதான். 2021 ஜூனில் ஆர்ட் புளொக்ஸ் தளத்தில் வெளியானது. மொத்தம் 999 படங்கள், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. ஒன்று 0.17 ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு விற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் 313ஆம் எண் படம் 1,000 ஈதருக்குக் கைமாறியது. அங்கே வாங்குகிறவர் பணம் செலுத்தும் கணத்தில்தான் விதை எண் பிறக்கிறது. எந்தப் படம் வரும் என்று கலைஞருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. வருகிற 999உம் விற்கத்தக்கதாக இருக்க வேண்டுமானால் நிரலில் ஓட்டையே இருக்கக் கூடாது. தொடக்கக்காரருக்கு அது கடினமான பாதை.

எளிய வழி, நீங்களே தெரிந்தெடுப்பது. ஐந்நூறு படங்களை ஓட்டிப் பாருங்கள். இரண்டு வாரம் சுவரில் ஒட்டி வைத்த பிறகும் சலிக்காத பன்னிரண்டை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதி, எந்த அளவு, உங்களுக்கென்று எத்தனை வைத்துக்கொள்வீர்கள் என்பதை முதல் பிரதி விற்கும் முன்பே எழுதி அறிவியுங்கள். ஏ3 அளவில் 12 பிரதி என்று சொல்லி விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏ2 அளவில் இன்னும் 20 போடுவது பழைய வாங்குநரை ஏமாற்றுவதுதான்.

கையில் கொடுப்பது எது?

திரையில் இருப்பதற்கு உடல் கிடையாது, அதைக் கொடுக்க வேண்டும். ஏ3 கடதாசியில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,508க்கு 4,961 புள்ளிகள் தேவை. கோடுகளை எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்தால் எந்த அளவுக்கும் பெருக்கலாம். அமிலமற்ற பருத்திக் கடதாசியில், நிறமி மையால் அச்சிடக் கேளுங்கள். சாதாரண மை வெளிறிவிடும்.

பேனாவால் கோடு இழுக்கும் இயந்திரமான பிளொட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. நீஸின் படங்களும் பிளொட்டர் பேனா இழுத்தவைதான். பேனா கடதாசியில் பதியும் தடம், மை தடித்து மெலியும் இடம், எல்லாம் பிரதிக்குப் பிரதி மாறும். தொட்டுப் பார்க்கிறவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கூடவே ஒரு சான்றுத்தாள் போக வேண்டும். படத்தின் பெயர், பிரதி எண், விதை எண், திகதி, உயரத் தரவு எங்கிருந்து வந்தது, கடதாசியும் மையும், உங்கள் கையெழுத்து. விதை எண்ணும் நிரலும் உங்களிடம் இருக்கும்வரை படம் உங்கள் நிரலில் பிறந்ததுதான் என்பதைக் காட்டிவிடலாம்.

சொல்லாமல் விடக் கூடாதவை

2018 ஒக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், ‘எட்மொண்ட் டி பெலமி’ என்ற ஏ.ஐ. உருவப்படத்தை ஏலம் விட்டது. 7,000 முதல் 10,000 டொலர்வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 432,500 டொலருக்கு. செய்தவர்கள் ‘ஒப்வியஸ்’ என்ற பிரெஞ்சுக் குழுவினர். ஆனால் ரொபி பராட் என்ற பத்தொன்பது வயது இளைஞர் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட நிரலை அவர்கள் பயன்படுத்தியிருந்தார்கள். திறந்துவிட்டதை எடுத்தது சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பராட்டின் பெயரும் சேர்ந்தே வருகிறது. யாருடைய நிரலை எடுத்தீர்கள், எந்த ஏ.ஐ. மாதிரியைக் கொண்டு செய்தீர்கள் என்பதைச் சான்றுத்தாளில் நீங்களே எழுதிவிட்டால், பிறகு வேறொருவர் அதை எழுத வேண்டிய தேவை வராது.

நம் பக்கத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். நக்கிள்ஸின் அடிவாரத்தில் தும்பறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. குண்டசாலைக்கு அருகே ஹேனவல கிராமத்தார் ஹண நாரில் நெய்யும் தும்பறைப் பாய்களின் கோண வடிவக் கோலங்கள் நிரலுக்கு மிக இலகுவில் வசப்படும். ஆனால் நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிகத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ எடுத்தாள்வதற்கு எதிராக முன்பு சொன்ன 2003ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பாதுகாப்பு வைத்திருக்கிறது. சட்டம் கேட்கும் அனுமதியைப் பெற்று, நெய்கிறவர்களிடம் நேரில் பேசி, பெயர் போட்டு, வருமானத்தில் பங்கு கொடுத்துச் செய்யும் வழி திறந்தே இருக்கிறது.

எங்கே விற்பது?

டிஜிட்டல் கலையில் மிகப் பெரிய விலை கொடுத்தவர் நம் மொழிக்காரர். 2021 மார்ச் 11 அன்று ‘பீப்பிள்’ என்ற மைக் விங்கெல்மான் 5,000 நாட்கள் நாளொன்றாகச் செய்த படங்களின் தொகுப்பு கிறிஸ்டீஸில் 69.3 மில்லியன் டொலருக்குப் போனது. ‘மெட்டகோவன்’ என்ற பெயரில் அதை ஈதர் கொடுத்து வாங்கியவர், சிங்கப்பூரில் வசிக்கும் தமிழ்நாட்டுக்காரர் விக்னேஷ் சுந்தரேசன். அந்தப் படத்தை இன்றும் யாரும் இணையத்தில் பார்க்கலாம். உடைமை மட்டும்தான் அவருடையது.

அந்த அலையை நம்பிக் கடை விரிக்க வேண்டாம். என்.எஃப்.டி. எனப்படும் இணைய உடைமைச் சான்றின் மறுவிற்பனை ஒவ்வொன்றிலும் கலைஞருக்குப் பங்கு வந்துகொண்டே இருக்கும் என்றார்கள். 2023 ஓகஸ்டில் ஓபன்சீ விற்பனைத் தளம் அந்தப் பங்கைக் கட்டாயப்படுத்துவதை நிறுத்தியது. கிரிப்டோ வியாபாரத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி தரவில்லை என்று இலங்கை மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் இவ்வகை ஆதாயத்துக்கு 30 சதவீத வரி.

கடதாசிப் படத்துக்குப் பாதைகள் தெளிவானவை. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 முதல் கொழும்பில் நடத்தும் ‘கலா பொல’ திறந்தவெளிச் சந்தையில் கலைஞர் இடைத்தரகரின்றி நேரடியாக விற்கலாம். மாத்தளை, இறத்தோட்டைப் பக்கத்து விடுதிச் சுவர்கள் இன்னொரு வழி: படத்தை மாட்டக் கொடுங்கள், விற்றால் மட்டும் அவர்களுக்குப் பங்கு, உடையாமல் பார்ப்பது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கலைக்கூடம் விலையில் பாதிவரை எடுக்கலாம். அதனால் தொடக்கத்திலேயே அதைத் தாங்கும் விலை வைத்து, விடுதி, சந்தை, இணையம் எல்லா இடத்திலும் ஒரே விலையில் விற்க வேண்டும். 2018 ஓகஸ்டில் தில்லியின் நேச்சர் மோர்ட் கலைக்கூடம் ஹர்ஷித் அகர்வால் உட்பட ஏழு பேரின் ஏ.ஐ. படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. பெருங்கலைக்கூடங்களும் இந்தக் கலைக்குக் கதவைத் திறந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்தான் நல்ல வாங்குநர். ரிவர்ஸ்டன் காற்றைத் தெரிந்தவருக்கு அந்தக் கோடுகள் உடனே புரியும். அஞ்சலில் அனுப்பப் படத்தைச் சுருட்டிக் கெட்டிக் குழாயில் வையுங்கள், கண்ணாடிச் சட்டம் வேண்டாம். பணம் வரும் வழியை விற்கும் முன்பே உங்கள் வங்கியில் விசாரித்து உறுதிசெய்யுங்கள்.

படத்துக்கு ஒரே பிரதி என்று அறிவித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டும் விற்றுத் தீர்ந்த பிறகு ஒருவர் வருவார். கணினியில்தானே இருக்கிறது, எனக்கு மட்டும் இன்னொன்று அடித்துக் கொடுங்கள், இரட்டை விலை தருகிறேன் என்பார். பொத்தானை அழுத்தினால் பதின்மூன்றாவது படம் வந்துவிடும், செலவு கடதாசியும் மையும்தான். முடியாது என்று சொல்லுங்கள், அடுத்த தொடரில் முதல் பிரதி அவருக்கு என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னர் வாங்கிய பன்னிரண்டு பேரின் பணத்துக்கும் மதிப்பைக் கொடுப்பது அந்த மறுப்புத்தான். அவர்கள் உங்களிடம் மறுபடியும் வருவதும் அதை நம்பித்தான்.

அடுத்த வாரம்: முதல் படத்துக்கு விலை வைப்பது எப்படி?

(தொடரும்)