எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றும் அறுவை சிகிச்சை: குறியீடு ஏன் முக்கியம்?

நாற்பது, ஐம்பது கிலோ எடை குறைந்தவர்களுள் பலருக்கு வயிற்றுத் தோல் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை, மடிந்து தொங்குகிறது. அம்மடிப்பில் வியர்வை தேங்கி, புண்ணும் பூஞ்சைத் தொற்றும் திரும்பத் திரும்ப வரும். இத்தோலை அகற்றுவது சிகிச்சையா, அழகுக்கான அறுவையா என்பதே காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதல் கேள்வி. விடை பெரும்பாலும் உங்கள் கோப்பில் எழுதப்படும் குறியீட்டைப் பொறுத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் மிகையாகத் தொங்கும் தோலுக்கு எல்98.7, மடிப்புப் புண்ணுக்கு எல்30.4, தோற்றத்திற்காக மட்டும் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு இசட்41.1, உடற்பருமனுக்கு இ66 என்பன குறியீடுகள். எம்79.3 சில கோப்புகளில் தவறாக இடம்பெறுகிறது. அது தோலடிக் கொழுப்பின் அழற்சிக்கு உரியது. ஆங்கிலப் பெயர்களின் ஒலி ஒற்றுமையால் நேரும் பிழை.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் 8-ஆவது, அழகுக்கான அறுவைக்குரியது. எனினும் உடல்நலத்திற்கு நேரடியான, உடனடியான தீங்கை நீக்கும் சிகிச்சை அவ்விலக்கில் அடங்காது. அதற்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். 6-ஆவது விலக்கு உடற்பருமன் சிகிச்சை பற்றியது. எடை ஏற்கெனவே குறைந்தவருக்கு இ66-ஐ முதன்மை நோயாக எழுதினால், கோப்பு தேவையின்றி அவ்விலக்கின்கீழ்ச் சென்று சேரலாம்.

குறியீட்டை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. மருத்துவரின் குறிப்பைப் படித்தே கோடிங் பணியாளர் அதனை எழுதுகிறார். 'தோல் தளர்ச்சி' என்று மட்டும் இருந்தால் அவரால் எல்30.4 எழுத இயலாது. ஆகவே ஒவ்வொரு முறை புண் வரும்போதும் மருத்துவரிடம் காண்பித்துப் பதிவு செய்யுங்கள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே காலம் கடத்துவோர் மிகுதி. மூன்றாண்டு வேதனைக்கு ஒரு வரிச் சான்றும் அவர்களிடம் இராது. புண்ணின் புகைப்படம், பயன்படுத்திய மருந்து, ஆறு மாதமாவது எடை நிலையாக இருந்த பதிவு ஆகியன கோப்பில் இருத்தல் நன்று. இல்லாத புண்ணுக்குக் குறியீடு கேட்பது பொய் ஆவணம் தயாரிப்பதாகும். மருத்துவர் அதற்கு இசையலாகாது.

முன் அனுமதிக் கடிதம் அனுப்பப்படுமுன் அதன் நகலைக் கேட்டுப் படியுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் தீர்வு கிடைக்காவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.