மாரி மழையும் மரவேலையும்: பலகை ஏன் வளைகின்றது?

கார்த்திகை மழை தொடங்கினால் அரியாலையில் பல வீடுகளில் ஒரே கதைதான். அறைக் கதவு நிலையில் இறுகிவிடும். தோளால் தள்ளினால்தான் திறக்கும். உடனே தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் விளிம்பைச் சீவுவிப்பார்கள். சித்திரை வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் இடையே வெளிச்சம் தெரியுமளவுக்கு நீக்கல் விழும். சீவியது பிழையன்று, சீவிய காலமே பிழை. மாணவர்கள் இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் இப்பகுதி வினாக்களை மனனஞ் செய்யத் தேவையில்லை.

மரத்தில் நீர் இரு இடங்களில் உண்டு. கலத்தின் உட்குழியில் இருப்பது சுயாதீன நீர். கலச்சுவரில் இருப்பது பிணைந்த நீர். மரம் உலரும்போது முதலில் சுயாதீன நீர் வெளியேறும். அப்போது நிறை குறையும், அளவு மாறாது. உட்குழி வெறுமையாகிக் கலச்சுவர் மட்டும் நிரம்பியுள்ள நிலையே நார் நிரம்பல் நிலை. இது பெரும்பாலும் 28 - 30 சதவீத ஈரப்பதனில் அமையும். அதற்குக் கீழே நீர் குறைந்தால் மரம் சுருங்கும், கூடினால் வீங்கும். நீளப்பாட்டில் மாற்றம் மிகச் சிறிது. ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கம், ஆரை வழியே ஏற்படுவதிலும் ஏறத்தாழ இரு மடங்கு. கதவு உயரத்தில் அன்றி அகலத்தில் இறுகுவது இதனாலேயே.

எமது வீடுகளில் நிலம் சீமெந்து ஆகையால் பலகைத் தளத்தைப் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். மலைநாட்டுப் பழைய பங்களாக்களிலும், கனடாவில் உறவினர் வாழும் வீடுகளிலும் அது உண்டு. அத்தளத்தில் நீர் சிந்தினால் பொருத்துகளின் ஊடாகக் கீழே இறங்கித் தங்கும். மேற்பக்கம் காற்றில் உலர, அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து வீங்கும். எனவே பலகையின் இரு விளிம்புகளும் உயர்ந்து நடு பள்ளமாகும். இதனைக் கண்டு அவசரப்பட்டு மேற்பரப்பைத் தேய்த்து மட்டப்படுத்தினால், அடிப்பக்கம் உலர்ந்தபின் விளிம்புகள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அரியாலைக் கதவுக்கு நடந்த அதே பிழை.

2008 நவம்பரில் நிஷா புயல் மழையால் குடாநாட்டின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இவ்வாறு வீட்டுக்குள் நீர் புகுந்தால் முதல் வேலை நீரை அகற்றுவதும் காற்றோட்டம் கொடுப்பதுமாகும். அரியாலை கடனீரேரியை அண்டியது. வந்தது உவர்நீராயின் மரத்தை நன்னீரால் கழுவவேண்டும். தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மரத்தை உலரவிடாது, ஆணிகளையும் கறள் பிடிக்கச் செய்யும். கழற்றிய கதவையும் பலகையையும் நிழலில், இடையே சட்டங்கள் வைத்து, மட்டமாக அடுக்குக. கடும் வெயிலில் போட்டால் மேற்பரப்பு முந்திச் சுருங்கி வெடிக்கும். பழைய முதிரைக் கதவு வெடித்தால் இன்று அதற்கு ஈடாக ஒன்று வாங்குவது இலேசன்று. ஈரத்தின்மேல் வார்னிசு பூசுவதும் கூடாது. நீர் உள்ளேயே அகப்பட்டுவிடும்.

உலர்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? அதே மரத்தின் ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். நிறை மாறாது நின்றால் மரம் சூழலுடன் சமநிலை அடைந்துள்ளது. ஆய்வுகூடத்தில் கனலடுப்பில் 103 பாகை செல்சியசில் நிறை மாறாவரை உலர்த்திக் கணிப்பர். ஈரத் துண்டு 63 கிராம், உலர்ந்தபின் 50 கிராம் எனின், ஈரப்பதன் 13 ÷ 50 × 100 = 26 சதவீதம். பலர் 63 ஆல் வகுத்துப் புள்ளியை இழக்கின்றனர். உலர் நிறையாலேயே வகுக்கவேண்டும்.

ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உக்கச் செய்யும் பங்கசு பொதுவாக வளராது. நீண்டநாள் ஈரமாக இருந்த நிலைக்காலின் அடியில் ஊசியால் குத்திப் பாருங்கள். இலகுவில் இறங்கினால் மரம் உக்கிவிட்டது. உக்கிய பகுதியை வெட்டி, உலர்ந்த வைரமரத்துண்டு பொருத்துவதே வழி. கறையானும் ஈரமான வெளிற்றையே நாடி வரும்.

பனை பற்றியும் ஒரு சொல். அது ஒருவித்திலைத் தாவரம். ஆகவே எவ்வளவு வைரமாயினும் தாவரவியலில் வன்மரம் என வகுக்கப்படுவதில்லை. தேக்கு, முதிரை, பாலை, வேம்பு ஆகியன வன்மரங்களே.

மாதிரி வினா: மழைக்காலத்தில் இறுகிய கதவை உடனே சீவாது, ஓரிரு மாதம் பொறுத்தபின் சீவுவது ஏன் சிறந்தது? நார் நிரம்பல் நிலை, சுருக்கத்தின் திசை ஆகிய இரண்டையும் பயன்படுத்தி விளக்குக.