நன்னீர் முதுகெலும்பிலிகளில் நாட்பட்ட நச்சுத்தன்மைச் சோதனை

நன்னீர் முதுகெலும்பிலிகளில் நாட்பட்ட நச்சுத்தன்மைச் சோதனை என்பது, ஒரு வேதிப்பொருளோ கழிவுநீரோ குறைந்த செறிவில் நீண்ட நாட்கள் நீரில் கலந்திருக்கும்போது, அந்நீரில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களின் பிழைத்தல், வளர்ச்சி, இனப்பெருக்கம் ஆகியவற்றில் ஏற்படுத்தும் விளைவை அளக்கும் ஆய்வக முறை ஆகும். குளம், ஏரி, ஆறு ஆகியவற்றில் வாழும் நீர்த்தெள்ளுகள், நத்தைகள், புழுக்கள், பூச்சிகளின் இளவுயிரிகள் முதலியன இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளைக் கொண்டு செய்யப்படும் 21 நாள் இனப்பெருக்கச் சோதனையே உலகெங்கும் மிகப் பரவலாகச் செய்யப்படுவது.

கடும் நச்சுத்தன்மையும் நாட்பட்ட நச்சுத்தன்மையும்

கடும் நச்சுத்தன்மைச் சோதனை பொதுவாக 48 அல்லது 96 மணி நேரத்தில் முடிந்துவிடும். எத்தனை உயிரிகள் இறந்தன, அல்லது அசைவற்றுப் போயின என்பதே அதில் கேட்கப்படும் வினா. நாட்பட்ட சோதனை உயிரியின் வாழ்நாளில் கணிசமான பகுதியை உள்ளடக்குகிறது. உயிரி பிழைத்திருந்தாலும், அது வளர்ந்ததா, உரிய காலத்தில் குஞ்சு ஈன்றதா, ஈன்ற குஞ்சுகள் உயிருடன் இருந்தனவா என்பவை இதில் கேட்கப்படுகின்றன.

இரண்டு விடைகளும் வெகுவாக வேறுபடலாம். 1972 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் பீசிங்கர், கிறிஸ்டென்சன் ஆகிய இருவரும் டாஃப்னியா மேக்னா மீது பல உலோகங்களின் விளைவை வெளியிட்டனர். காட்மியத்தைப் பொறுத்தவரை, 48 மணி நேரத்தில் பாதி உயிரிகளைக் கொல்லும் செறிவு லிட்டருக்கு 65 மைக்ரோகிராம். மூன்று வாரங்களில் பாதி உயிரிகளைக் கொல்ல 5 மைக்ரோகிராம் போதுமானதாக இருந்தது. இனப்பெருக்கத்தை 16 விழுக்காடு குறைக்க வெறும் 0.17 மைக்ரோகிராமே போதுமானதாக இருந்தது. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 380 மடங்கு வேறுபாடு உள்ளது. கடும் சோதனையை மட்டும் பார்த்து ஒரு நீர்நிலை பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது தெளிவான சான்று.

வரலாறு

1944 இல் பெர்டில் ஆண்டர்சன் தொழிற்சாலைக் கழிவுகளில் காணப்படும் பொருள்களின் நச்சு எல்லைகளை டாஃப்னியா மேக்னாவைக் கொண்டு கண்டறிந்து வெளியிட்டார். 1984 இல் மவுண்ட், நார்பெர்க் ஆகியோர் செரியோடாஃப்னியா என்ற சிறிய நீர்த்தெள்ளைக் கொண்டு 7 நாட்களில் முடியும் சோதனையை அறிமுகப்படுத்தினர். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, டாஃப்னியா மேக்னா இனப்பெருக்கச் சோதனைக்கான 211 ஆம் எண் வழிகாட்டியை 1998 இல் ஏற்றது. பின்னர் 2008 இலும் 2012 இலும் அது திருத்தப்பட்டது.

டாஃப்னியா ஏன்?

டாஃப்னியா சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓட்டுடலி. உடல் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டதால், இதயத் துடிப்பையும் முதுகுப் பையில் உள்ள முட்டைகளையும் எளிய நுண்ணோக்கியிலேயே காணலாம். நல்ல சூழலில் பெண் உயிரிகள் ஆணின் துணையின்றிக் கன்னி இனப்பெருக்கம் செய்கின்றன. ஒரு தாயிடமிருந்து பெறப்படும் வழித்தோன்றல்கள் அனைத்தும் மரபியலில் ஒத்தவை என்பதால், உயிரிக்கு உயிரி வேறுபாடு குறைந்து, காணப்படும் மாற்றம் வேதிப்பொருளால் ஏற்பட்டதே என்று கூறுவது எளிதாகிறது.

சூழலியலிலும் இதற்கு முக்கிய இடம் உண்டு. நீர்த்தெள்ளுகள் நீரை வடிகட்டிப் பாசிகளை உண்கின்றன. சிறு மீன்கள் நீர்த்தெள்ளுகளை உண்கின்றன. இவை குறைந்தால் ஒருபுறம் பாசி பெருகி நீர் பச்சையாகும். மறுபுறம் மீன்குஞ்சுகளுக்கு இரை குறையும்.

செய்முறை

டாஃப்னியா மேக்னா 21 நாள் சோதனையின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* பிறந்து 24 மணி நேரத்துக்குள் உள்ள குஞ்சுகளே சோதனைக்கு எடுக்கப்படும். தாயின் முதல் ஈற்றுக் குஞ்சுகள் தவிர்க்கப்படும்.
* ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 10 உயிரிகள், ஒரு கலத்துக்கு ஒன்றாக, 50 முதல் 100 மில்லிலிட்டர் நீரில் வைக்கப்படும்.
* குறைந்தது ஐந்து செறிவுகளும், வேதிப்பொருள் சேர்க்கப்படாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும் இருக்கும். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையேயான விகிதம் 3.2 ஐத் தாண்டக்கூடாது.
* வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசுக்குள் நிலையாக இருக்கும். 16 மணி நேரம் ஒளியும் 8 மணி நேரம் இருளும் அளிக்கப்படும்.
* குளோரெல்லா போன்ற பசும்பாசி நாள்தோறும் உணவாக அளந்து தரப்படும்.
* வாரத்துக்குக் குறைந்தது மூன்று முறை நீர் மாற்றப்படும். வேதிப்பொருளின் உண்மையான செறிவு அளந்து சரிபார்க்கப்படும்.
* பிறக்கும் குஞ்சுகள் அவ்வப்போது எண்ணப்பட்டு அகற்றப்படும்.

முதல் ஈற்று பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களில் நிகழும்; அதன்பின் சுமார் மூன்று நாட்களுக்கு ஒருமுறை குஞ்சுகள் வெளிவரும். ஆகவே முதல் ஈற்று மூன்று நாட்கள் தள்ளிப்போனாலே 21 நாட்களில் ஓர் ஈற்று முழுவதும் இழக்கப்படலாம். இறப்பே இல்லாமல் உயிர்த்தொகை குறையும் வழி இதுதான்.

சோதனை செல்லுபடியாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. கட்டுப்பாட்டுக் குழுவில் தாய் உயிரிகளின் இறப்பு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதே குழுவில் பிழைத்த ஒரு தாய்க்குச் சராசரியாகக் குறைந்தது 60 உயிருள்ள குஞ்சுகள் பிறந்திருக்க வேண்டும். வளர்ப்பு நிலை நன்றாக இல்லாவிட்டால் நஞ்சின் விளைவையும் பட்டினியின் விளைவையும் பிரித்தறிய இயலாது என்பதே இதன் காரணம்.

முடிவுகளைக் கணித்தல்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சோதனையைக் கொள்வோம். செறிவு லிட்டருக்கு மைக்ரோகிராமிலும், அடுத்துள்ள எண் ஒரு தாய்க்குப் பிறந்த சராசரிக் குஞ்சுகளின் எண்ணிக்கையாகவும் தரப்பட்டுள்ளன.

0 – 90 குஞ்சுகள்
5 – 91 குஞ்சுகள்
10 – 88 குஞ்சுகள்
20 – 71 குஞ்சுகள்
40 – 40 குஞ்சுகள்
80 – 6 குஞ்சுகள்

20 இலிருந்து மேலுள்ள குறைவுகள் மட்டுமே புள்ளியியல் முறைப்படி குறிப்பிடத்தக்கவை எனில், 10 மைக்ரோகிராம் 'விளைவு காணப்படாத செறிவு' ஆகும். 20 மைக்ரோகிராம் 'விளைவு காணப்பட்ட மிகக் குறைந்த செறிவு' ஆகும். வளைகோடு ஒன்றைப் பொருத்தி, இனப்பெருக்கத்தை 10 அல்லது 50 விழுக்காடு குறைக்கும் செறிவையும் கணிக்கலாம். மேற்கண்ட எண்களில் புள்ளிகளுக்கிடையே நேர்கோடு வரைந்தால் இவை ஏறத்தாழ 14, 37 மைக்ரோகிராம்கள்.

'விளைவு காணப்படாத செறிவு' என்ற சொல் விளைவே இல்லை என்று பொருள்படாது. சோதனை செய்தவர் தேர்ந்த செறிவுகளுள் ஒன்றாகவே அது அமையும். உயிரிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலோ, முடிவுகள் சிதறலாக இருந்தாலோ, உண்மையான பாதிப்பு புள்ளியியலில் புலப்படாமல் போகும். அப்போது இவ்வெண் கூடுதலாக வந்து, பொருள் பாதுகாப்பானது போலத் தோன்றும். கவனக்குறைவான சோதனை வேதிப்பொருளுக்குச் சாதகமாக முடியும் என்பதால், விழுக்காட்டு விளைவுச் செறிவுகளைத் தருமாறு பல அறிவியலாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

ஆய்வக எண்ணை அப்படியே குளத்துக்குப் பொருத்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நடைமுறையில், கடும் சோதனைத் தரவுகள் மட்டும் இருந்தால் மிகக் குறைந்த எண் 1000 ஆல் வகுக்கப்படுகிறது. பாசி, முதுகெலும்பிலி, மீன் ஆகிய மூன்று நிலைகளிலும் நாட்பட்ட சோதனைத் தரவுகள் இருந்தால் 10 ஆல் வகுத்தாலே போதும். அறியாமை குறையக் குறையப் பாதுகாப்புக் காரணியும் குறைகிறது.

பிற உயிரிகள்

* செரியோடாஃப்னியா டூபியா: 25 பாகை செல்சியசில், மூன்று ஈற்றுகள் வரும் வரை, ஏறத்தாழ 7 நாட்கள். ஐக்கிய அமெரிக்காவில் கழிவுநீரைச் சோதிக்கப் பயன்படுகிறது.
* கைரோனோமஸ்: கொசுவைப் போன்ற, கடிக்காத ஈயினம். இதன் செந்நிறப் புழுக்கள் குளத்துச் சேற்றில் வாழ்கின்றன. புழு முதிர்ந்து ஈயாக வெளிவருவது 28 நாட்கள் வரை கவனிக்கப்படுகிறது.
* லிம்னேயா நத்தை: 28 நாட்களில் இடும் முட்டைகள் எண்ணப்படுகின்றன. இதற்கான வழிகாட்டி 2016 இல் ஏற்கப்பட்டது.
* ஹயலெல்லா அஸ்டெக்கா: அடிமண் மாசினை அறிய 42 நாட்கள் வரை சோதிக்கப்படும் ஓட்டுடலி.

ஓர் உயிரி மற்றொன்றுக்கு மாற்றாகாது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி டாஃப்னியா மேக்னாவைக் கொல்ல லிட்டருக்குப் பல மில்லிகிராம்கள் தேவை. ஆனால் கைரோனோமஸ் புழுக்களும் மேஃபிளை இளவுயிரிகளும் சில மைக்ரோகிராம்களிலேயே பாதிக்கப்படுகின்றன. டாஃப்னியாவை மட்டும் சோதித்திருந்தால் இது தெரியவந்திராது.

சில வேளைகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையும் போதாது. பருத்தியில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தப் பயன்படும் பைரிபிராக்சிஃபென், பூச்சிகளின் இளமை இயக்குநீரைப் போலச் செயல்படுவது. இது நீரில் கலந்தால் டாஃப்னியா பெண் குஞ்சுகளுக்குப் பதில் ஆண் குஞ்சுகளை ஈனுகிறது. 2008 திருத்தத்தில் குஞ்சுகளின் பாலினத்தைக் கணக்கிடும் முறை சேர்க்கப்பட்டது.

இந்தியாவில்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 இன் ஆறாம் அட்டவணை, வெளியேற்றப்படும் கழிவுநீருக்கு ஓர் உயிரியல் சோதனையை விதிக்கிறது. நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பதே அது. இது கடும் நச்சுத்தன்மைச் சோதனை. நான்கு நாட்கள் மீன் பிழைத்திருக்கும் நீரில் நீர்த்தெள்ளு மூன்று வாரங்களில் குஞ்சு ஈனுமா என்ற வினாவுக்கு இதில் விடையில்லை.

பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் உழவர்கள் காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் பூச்சிக்கொல்லி விதிகள், 1971 இன்படி அமைந்தவை. வாய்வழியாகவோ தோல்வழியாகவோ ஆய்வு விலங்குகளைக் கொல்லும் அளவே அவற்றின் அடிப்படை. வாய்வழி அளவு உடல் எடையில் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு. 5000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பச்சை. மருந்தடிப்பவரின் பாதுகாப்புக்கு இது பயனுள்ளது. ஆனால் இந்நிறம் குளத்து உயிர்களைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. டைஃபுளுபென்சூரான் எலிகளுக்கு மிகக் குறைந்த நச்சுத்தன்மையே உடையது. எனினும் பூச்சிகளும் ஓட்டுடலிகளும் தோலுரித்து வளரத் தேவையான கைட்டின் உருவாவதை அது தடுப்பதால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான செறிவிலேயே டாஃப்னியாவின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது.

நீண்ட காலப் பாதிப்புக்குத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயத்தொழிலில் சாயம் நூலில் பற்றப் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. நிறத்தை நீக்கினாலும் உப்பு நீரிலேயே தங்கிவிடும். இக்கழிவுநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதால், பாசன நீராக அது பயனற்றுப் போனது. உழவர்கள் தொடுத்த வழக்கில் 2006 இல் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், 2011 சனவரி 28 அன்று கழிவுநீர் வெளியேற்றமற்ற நிலையை எட்டாத சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. உப்பு ஒரு நாளில் கொல்லும் நஞ்சு அன்று; அதன் தீங்கு செறிவையும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தாலே விளங்கும்.

சங்கரன்கோவில் போன்ற வறண்ட பகுதிகளில்

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் விசைத்தறி நெசவுக்கு அறியப்பட்ட ஊர். 2019 வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சுற்றுவட்டார வேளாண்மை பெரிதும் குளங்களையும் கிணறுகளையும் நம்பியுள்ளது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் குளங்கள் கோடையில் வற்றுகின்றன. நீர் ஆவியாகும்போது உப்பும் உலோகமும் ஆவியாவதில்லை. குளத்து நீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், கரைந்துள்ள உப்பின் செறிவு ஏறத்தாழ பத்து மடங்காகக் கூடும். நிலையான செறிவில் செய்யப்படும் ஆய்வகச் சோதனை இந்த ஏற்றத்தைக் காட்டாது.

வேறு இரு வேறுபாடுகளும் உள்ளன. டாஃப்னியா மேக்னா குளிர்ச்சியான நீருக்கு உரியது; 20 பாகையில் சோதிக்கப்படுவது. தென் தமிழகக் குளங்களின் நீர் அதைவிட வெப்பமானது. வெப்பநிலை உயரும்போது பல வேதிப்பொருள்களின் நச்சுத்தன்மை கூடுவதுடன் நீரில் கரையும் உயிர்வளியும் குறைகிறது. எனவே மொய்னா, செரியோடாஃப்னியா கார்னூட்டா போன்ற வெப்பமண்டல நீர்த்தெள்ளுகள் இங்கு பொருத்தமானவை. இரண்டாவதாக, குளம் வற்றும்போது நீர்த்தெள்ளுகள் தடித்த உறையுள்ள ஓய்வு முட்டைகளைச் சேற்றில் விட்டுச் செல்கின்றன; அடுத்த மழையில் அவை பொரிகின்றன. சேற்றில் தங்கிய நஞ்சு இம்முட்டைகளைத் தாக்கினால் பாதிப்பு மறு ஆண்டே தெரியவரும். 21 நாள் சோதனை கன்னி இனப்பெருக்கத்தை மட்டுமே அளப்பதால், இப்பாதிப்பு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மாணவர்கள் செய்யத்தக்க எளிய வடிவம்

பூச்சிக்கொல்லிகளைத் தொடாமல், சமையல் உப்பைக் கொண்டே இச்சோதனையின் அடிப்படையை அறியலாம். குளோரின் நீங்குமாறு திறந்து வைத்த நீரில், வண்ண மீன் வளர்ப்போரிடம் கிடைக்கும் மொய்னாவை ஒரு தாயிலிருந்து பெருக்கிக் கொள்ளலாம். ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளைக் கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொன்றாக விட்டு, உப்பில்லாத நீர் உட்பட ஐந்தாறு செறிவுகளில், ஒவ்வொன்றுக்கும் பத்துக் குவளைகள் வைக்கலாம். பாசி நீரோ மிகச் சிறிதளவு ஈஸ்ட்டோ உணவாகும். மொய்னா விரைவாக முதிர்வதால் ஏழெட்டு நாட்களில் சில ஈற்றுகளை எண்ணிவிடலாம். முதலில் உப்பில்லாத குவளைகளில் உயிரிகள் செழித்தனவா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில் மற்ற எண்களுக்குப் பொருளில்லை. மண்ணெண்ணெய், சோப்பு ஆகியவை பட்ட கலங்களைப் பயன்படுத்தலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* நீர் மாசுபாடு
* நச்சியல்
* ஓட்டுடலிகள்
* நொய்யல் ஆறு
* உணவுச் சங்கிலி