பழைய கூரைகளும் பலத்த காற்றும்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 900க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அதன் படிப்பினையாக, பலத்த காற்றைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான கைந்நூலொன்று 1980இல் வெளியாகியது. நாட்டை மூன்று காற்று வலயங்களாக வகுத்த அந்நூல், கிழக்குக் கரையோரத்தை அதிவேகக் காற்றுக்குரிய முதலாம் வலயத்தில் சேர்த்தது. எனினும், அதற்கு முன்னர் எழுந்த வீடுகளும் பாடசாலைகளும் இன்றும் பாவனையில் உள்ளன. அனர்த்த வேளைகளில் மக்கள் தஞ்சமடைவதும் பெரும்பாலும் பாடசாலைகளிலேயே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. முகடு, தாழ்வாரம், மூலைகள் ஆகிய இடங்களில் இவ்விசை மிக அதிகமாகும். யன்னலோ கதவோ உடைந்து காற்று உட்புகுந்தால், உள்ளிருந்தும் கூரை தள்ளப்படுகிறது. பழைய கட்டடங்களிலோ கூரை பெரும்பாலும் தனது பாரத்தாலும் சில ஆணிகளாலுமே சுவர்மீது அமர்ந்திருக்கிறது.

எனவே ஓடு முதல் அத்திவாரம் வரை பிணைப்பு அறுபடாதிருத்தல் வேண்டும். தாழ்வாரத்திலும் முகட்டிலும் உள்ள ஓடுகளைச் சலாகைகளுடன் கம்பியால் கட்டலாம். கைமரங்களைச் சுவர்மேல் மரத்துடன் நாகம் பூசிய இரும்புப் பட்டிகளால் இணைத்து, அம்மரத்தைச் சுவருக்குள் ஆழமாகப் பதித்த இரும்புக் கம்பிகளால் இறுக்க வேண்டும். கைமரங்களுக்குக் குறுக்கே மூலைவிட்டமாக மரச்சட்டம் அடித்தால் கூரை பக்கவாட்டில் சரியாது. கறையான் அரித்த மரங்களை முதலில் மாற்றுவது அவசியம். உக்கிய மரத்தில் எந்தப் பட்டியும் நிலைக்காது.

ஓடுகளை அகற்றிவிட்டு இலேசான தகடுகளை வேய்வோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஓட்டின் பாரமே அதுவரை கூரையைக் காத்து வந்தது. பிணைப்புகளைப் பலப்படுத்தாமல் பாரத்தை மட்டும் குறைத்தால், புதிய கூரை பழையதைவிட எளிதாகப் பறந்துவிடும். அஸ்பெஸ்டஸ் தகடுகளை வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், அவ்வேலையில் மிகுந்த அவதானம் தேவை.

இவற்றுக்கு ஆகும் செலவு, புதிய கூரை அமைக்கும் செலவில் ஒரு சிறு பகுதியே. வீட்டுரிமையாளர்கள் வருடந்தோறும் ஒக்டோபருக்கு முன்னரே மேசனையும் தச்சரையும் அழைத்துக் கூரையைச் சோதிப்பது நன்று. தஞ்சமளிக்கும் பாடசாலைகளின் கூரைகளைச் சோதிக்கும் கடப்பாடு அதிகாரிகளுக்குரியது. உயிர்காக்கத் தேடிவந்த கூரையே உயிர்பறிக்கும் நிலை ஏற்படலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.